காசோலையும் கருமபீடமும்: குழுப் படிப்புக்கான ஒரு பாடம்



காசோலை எமது கிராமங்களுக்குப் புதிய பொருளன்று. வெங்காயத்தையும் புகையிலையையும் மொத்தமாக விற்கும் கமக்காரர், கூட்டுறவுச் சங்கத்திற்குப் பொருள் கொடுப்பவர், நட்டஈடு பெறுபவர், மாதர் சங்கத்தின் பொருளாளர் எனப் பலருடைய கைகளுக்கும் அது வருகின்றது. ஆயினும் வந்த காசோலையைத் தாமே வங்கிக்குக் கொண்டு சென்று, தாமே கருமபீடத்தில் நின்று காரியத்தை முடிப்பவர்கள் எம்மிடையே குறைவு. "எனக்கு உதொண்டும் தெரியாது, தம்பி, நீ பார்த்துச் செய்" என்று வேறொருவர் கையில் கொடுத்துவிடுகிறோம். அவர் நல்லவராயின் நன்று. அல்லாவிடில் தொகையில் ஒரு பங்கு வழியிலேயே கழிந்துபோகும். சிலவேளை முழுவதும் போய்விடும்.

1823இல் பற்றிக்கோட்டா செமினறி தொடங்கிய காலந்தொட்டுக் கணிதம் கற்பித்து வந்த ஊர் வட்டுக்கோட்டை. கணக்கறிவு எமக்குக் குறைவில்லை. வங்கியின் கருமபீடத்தின் முன் நிற்கும் பழக்கமே குறைவு. அப்பழக்கத்தை உண்டாக்குவதற்காகவே இப்பாடத்தை எழுதுகிறோம். குழுவாகச் சேர்ந்து வாசித்து, இறுதியிலுள்ள பயிற்சியையும் வினாக்களையும் எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. காசோலை என்பது என்ன?

காசோலை பணமன்று. அது ஒரு கடிதம். வங்கியில் நடைமுறைக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர், "என் கணக்கிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு தொகையைக் கொடுக்கவும்" என்று தம் வங்கிக்கு எழுதும் கட்டளைக் கடிதமே அது. இதில் மூன்று பேர் சம்பந்தப்படுகிறார்கள். எழுதிக் கையொப்பமிடுபவர் ஒருவர். அவருடைய வங்கி இரண்டாவது. பெயர் குறிக்கப்பட்டுப் பணம் பெற வேண்டியவர் மூன்றாவது.

கடிதம் எழுதியவரின் கணக்கில் பணமில்லாவிட்டால் வங்கி கொடுக்காது. கையொப்பம் வங்கியிலுள்ள மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டாலும் கொடுக்காது. ஆகவே காசோலை கைக்கு வந்த நாள் ஒன்று, பணம் வந்த நாள் வேறொன்று. இந்த இரண்டு நாட்களையும் ஒன்றென நினைப்பதிலேதான் எம்மவர் பலருடைய நட்டம் தொடங்குகின்றது.

இலங்கையில் காசோலைகளுக்கான அடிப்படைச் சட்டம் 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க உண்டியல் கட்டளைச் சட்டமாகும். இது இங்கிலாந்தின் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றியது.

2. வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

காசோலையைத் தருபவர் முன்னிலையிலேயே நின்று ஐந்து விடயங்களைப் பார்க்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாள்காசை எண்ணி வாங்குவது எப்படியோ, காசோலையை வாசித்து வாங்குவதும் அப்படியே.

(அ) திகதி. நாள், மாதம், ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும். வருங்காலத் திகதி இடப்பட்டிருந்தால் அந்த நாள் வரும்வரை வங்கி பணம் கொடுக்காது. திகதியிலிருந்து ஆறு மாதம் கடந்துவிட்டால் அது காலங்கடந்த காசோலை எனத் திருப்பப்படும்.

(ஆ) பெயர். உங்கள் பெயர் தேசிய அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் உள்ளபடியே இருக்கிறதா? எமது பெயர்களில் இது பெரிய சிக்கல். ஒரு பெண்ணுக்கு அடையாள அட்டையில் தந்தையின் பெயர் முன்னே நிற்கும். சங்கப் பதிவில் கணவனின் பெயர் நிற்கும். ஊரில் அழைப்பதோ வேறொரு பெயர். காசோலை ஊர்ப் பெயரில் எழுதப்பட்டால் வங்கி ஏற்காது. பணம் தரவிருப்பவரிடம் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கத்தை முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

(இ) தொகை. எண்ணிலும் எழுத்திலும் ஒரே தொகை இருக்க வேண்டும். வேறுபட்டால் எழுத்திலுள்ள தொகையே சட்டப்படி செல்லும் என்றாலும், நடைமுறையில் வங்கி அத்தகைய காசோலையைத் திருப்பிவிடுவதே வழக்கம்.

(ஈ) கையொப்பம். சங்கம் ஒன்றின் காசோலையாயின் இரண்டு கையொப்பங்கள் வேண்டியிருக்கலாம். இரண்டும் உள்ளனவா எனப் பாருங்கள்.

(உ) வெட்டும் திருத்தமும். ஓர் எழுத்தைத் திருத்தியிருந்தாலும் "வேறு காசோலை எழுதித் தாருங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். திருத்திய காசோலை திரும்பி வரக்கூடும்.

காசோலையின் அடியில் ஓர் எண்வரிசை அச்சிடப்பட்டிருக்கும். காசோலையின் இலக்கம், வங்கியின் குறியீடு, கிளையின் குறியீடு, கணக்கிலக்கம் ஆகியவை அதில் உள்ளன. இலங்கை வங்கியின் குறியீடு 7010, மக்கள் வங்கியின் குறியீடு 7135. இந்த வரிசையை இயந்திரம் வாசிக்கின்றது. ஆகையால் அதன்மேல் எழுதவோ, முத்திரை குத்தவோ, மடிக்கவோ, கம்பி அடிக்கவோ கூடாது. சட்டைப்பைக்குள் நாலாக மடித்து வியர்வையில் நனைத்துக் கொண்டுபோவதும் நன்றன்று. ஒரு கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள்.

3. இரண்டு கோடுகள் சொல்லும் செய்தி

காசோலையின் இடது மூலையில் இரண்டு சமாந்தரக் கோடுகள் சாய்வாகக் கீறப்பட்டிருந்தால் அது குறுக்குக் கோடிட்ட காசோலை. அதைக் கருமபீடத்தில் கொடுத்துக் கையில் காசாகப் பெற முடியாது. ஒரு வங்கிக் கணக்கில் வைப்பிட்டே பெறலாம். முற்காலத்தில் லண்டன் நகரத் தீர்ப்பகத்தில் வங்கி எழுத்தர்கள் காசோலையின் குறுக்கே தங்கள் வங்கியின் பெயரை எழுதிய வழக்கத்திலிருந்து இக்கோடுகள் தோன்றின.

கோடுகளுக்கிடையே "பெறுநரின் கணக்கிற்கு மட்டும்" என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தால், பெயருக்குரியவரின் சொந்தக் கணக்கிலேயே அதைப் போட வேண்டும். மகனின் கணக்கிலோ அயலவரின் கணக்கிலோ போட முடியாது. இதைத் தொந்தரவு என்று எண்ண வேண்டாம். உங்கள் பணம் வேறொருவர் கைக்குப் போகாமல் காக்கும் வேலி அது.

கோடில்லாத காசோலையில் பெயருக்குப் பின்னே "அல்லது கொண்டுவருபவருக்கு" என்ற பொருளுள்ள சொற்கள் வெட்டப்படாமல் இருந்தால், அதைக் கொண்டுபோகும் எவரும் காசாக்கலாம். வழியில் தவறவிட்டால், கண்டெடுத்தவரும் காசாக்கலாம். இங்கே பலரும் அறியாத ஓர் உரிமையைச் சொல்லுகிறோம்: கோடில்லாத காசோலை உங்கள் கைக்கு வந்தால் நீங்களே அதில் இரண்டு கோடுகளைக் கீறலாம். சட்டம் அதற்கு இடமளிக்கிறது. உடனே காசு தேவையில்லாதபோது, கோடு கீறிக் கணக்கில் போடுவதே பாதுகாப்பு. ஆனால் ஒருமுறை கீறிய கோட்டை நீங்கள் அழிக்க முடியாது.

காசோலை தொலைந்துவிட்டால் உடனே அதை எழுதித் தந்தவருக்கு அறிவியுங்கள். கொடுப்பனவை நிறுத்தும்படி தம் வங்கிக்குக் கட்டளையிட அவருக்கே அதிகாரமுண்டு.

4. கருமபீடத்தில் காசாக்குதல்

கோடில்லாத காசோலையை, அது எந்த வங்கியின் மீது எழுதப்பட்டதோ அந்த வங்கிக்கே கொண்டுபோக வேண்டும். மக்கள் வங்கிக் காசோலைக்கு இலங்கை வங்கியின் கருமபீடத்தில் காசு கிடைக்காது. அதே வங்கியின் வேறு கிளையில் மாற்ற முடியுமா, எவ்வளவு தொகைவரை மாற்றலாம் என்பதைக் கேட்டறிந்து செல்லுங்கள். சங்கானைக்கும் யாழ்ப்பாணத்திற்கும் வீணாக அலைய வேண்டியிராது.

தேசிய அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். காசோலையின் பின்புறத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் ஆகியவற்றை எழுதச் சொல்வார்கள். வீட்டிலேயே பின்புறத்தில் ஒப்பமிட்டுக்கொண்டு போகாதீர்கள். காசாளர் கேட்கும்போது அவர் முன்னிலையில் ஒப்பமிடுங்கள். பின்புறத்தில் ஒப்பமிடுவது, பணத்தைப் பெற்றுக்கொண்டேன் என்று சொல்வதற்கோ உரிமையைப் பிறருக்குக் கொடுப்பதற்கோ சமமாகலாம்.

வங்கியார் கையொப்பத்தையும் கணக்கு மீதியையும் சரிபார்க்கச் சிறிது நேரம் எடுக்கும். பின்பு காசாளர் உங்களை அழைப்பார். பணத்தைப் பெற்றதும் அந்த இடத்தைவிட்டு அசையாமல் எண்ணுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று அவசரப்பட வேண்டாம். கிழிந்த தாள் இருந்தால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள். வாசலைத் தாண்டிய பிறகு "குறைகிறது" என்றால் நிரூபிப்பது கடினம்.

குழுவில் இருவர் எழுந்து கீழ்வரும் உரையாடலை நடித்துக் காட்டலாம்:

அம்மா: தங்கச்சி, இந்தச் செக்கை மாத்த வேணும்.

காசாளர்: அம்மா, இது கோடு போட்ட செக். கையிலை காசாத் தரேலாது. உங்கடை பேரிலை கணக்கு இருக்கோ?

அம்மா: இஞ்சை இல்லை. மகன்ரை கணக்கு இருக்கு. அதிலை போடலாமோ?

காசாளர்: இதிலை உங்கடை கணக்குக்கு மட்டும் எண்டு எழுதியிருக்கு, அம்மா. மகன்ரை கணக்கிலை போடேலாது. ஐடென்டிக் காட்டைக் கொண்டு வந்தனீங்களோ? வதிவிடத்துக்கு என்ன அத்தாட்சி வேணுமெண்டு அந்த மேசையிலை கேளுங்கோ. உங்கடை பேரிலையே ஒரு சேமிப்புக் கணக்குத் திறப்பம்.

அம்மா: எனக்கு ஒப்பம் வைக்க வராதே.

காசாளர்: அதுக்கும் வழியிருக்கு. உத்தியோகத்தர் முன்னாலை கைவிரல் அடையாளம் வைக்கலாம்.

இந்த அம்மா வெறுங்கையோடு திரும்பினாலும் தோற்றுத் திரும்பவில்லை. இந்தக் காசோலையும் இனி வரும் காசோலைகளும் போய்ச்சேர அவர் பெயரில் ஒரு கணக்கு உண்டாகப் போகின்றது. வங்கிப் படிவங்களைத் தமிழில் நிரப்புவதற்கும், காசோலையைத் தமிழில் எழுதுவதற்கும் தயங்க வேண்டியதில்லை. விளங்காத படிவத்தை வாசித்துக் காட்டும்படி உத்தியோகத்தரைக் கேட்பதில் குறைவொன்றுமில்லை.

5. கணக்கில் வைப்பிடுதல்

காசோலையை வைப்பிடுவதற்கு நடைமுறைக் கணக்கு வேண்டியதில்லை. சாதாரண சேமிப்புக் கணக்குப் போதும். வேறு வங்கியின் காசோலையையும் உங்கள் வங்கியிலேயே போடலாம்.

வைப்புச் சிட்டையை நிரப்பும் முறை இது: உங்கள் கணக்கிலக்கம், கணக்கின் பெயர், திகதி, காசோலையின் இலக்கம், அது எந்த வங்கியின் எந்தக் கிளைக்குரியது, தொகை எண்ணிலும் எழுத்திலும், உங்கள் கையொப்பம், தொலைபேசி இலக்கம். கணக்கிலக்கத்தை மனப்பாடமாக எழுதாமல் புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள். காசோலையின் பின்புறத்தில் உங்கள் கணக்கிலக்கத்தைக் குறிக்கும்படி சில வங்கிகள் கேட்கும்.

காசாளர் சிட்டையின் ஒரு பகுதியில் முத்திரை குத்தி உங்களிடம் தருவார். பணம் கணக்கில் வரும்வரை அதைப் புத்தகத்தோடு பத்திரமாக வையுங்கள். காசோலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வரும் வசதியும் உண்டு. ஆயினும் புதிதாகப் பழகுபவர் கருமபீடத்திலே கொடுத்து முத்திரை பெறுவதே நல்லது. வீட்டிலே ஒரு கொப்பியில் திகதி, காசோலை இலக்கம், தந்தவர், தொகை என்ற நான்கையும் எழுதி வையுங்கள்.

6. தேறும்வரை பொறுத்திருத்தல்

முன்னர் காசோலைத் தாளே ஊர்விட்டு ஊர் பயணம் செய்தது. வெளியூர்க் காசோலை தேறப் பல நாட்கள் சென்றன. 2006 மே மாதத்தில் லங்காகிளியர் நிறுவனம் காசோலையின் படத்தை மின்னணு முறையில் அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கியது. தென்னாசியாவில் இவ்வாறு செய்த முதல் நாடு இலங்கையே. இதன்படி, வங்கி குறித்த நேரத்துக்குள் வைப்பிட்ட காசோலை வழக்கமாக அடுத்த வேலைநாளில் தேறிவிடும். இடையில் சனி, ஞாயிறு, போயா விடுமுறை வந்தால் அதற்கேற்பத் தாமதமாகும்.

"காசோலை போட்டாயிற்று" என்பது வேறு, "காசோலை தேறிவிட்டது" என்பது வேறு. எடுத்துக்காட்டாக ஒன்றைப் பார்ப்போம். ஒரு கமக்காரரின் தோட்டத்து வெங்காயத்தை வெளியூர் வியாபாரி ஒருவர் 85,000 ரூபாவுக்குப் பேசுகிறார். "உங்கடை கணக்கிலை போட்டிட்டன் அண்ணை" என்று முத்திரை குத்திய சிட்டையின் படத்தைத் தொலைபேசியில் அனுப்புகிறார். கமக்காரர் நம்பி மூடைகளை லொறியில் ஏற்றிவிடுகிறார். சிட்டையைக் கவனித்து வாசித்திருந்தால், வைப்பிடப்பட்டது காசன்று, காசோலை என்பது தெரிந்திருக்கும். இரண்டு நாள் கழித்து அது பணமின்றித் திரும்புகிறது. வெங்காயமோ தம்புள்ளையில் விற்று முடிந்துவிட்டது.

இதற்கு மருந்து ஒன்றே. பொருளை ஏற்றுமுன் உங்கள் வங்கியை அழைத்தோ நேரில் சென்றோ, "அந்தக் காசோலை தேறிவிட்டதா? அந்தப் பணத்தை இப்போது எடுக்கலாமா?" என்று கேளுங்கள். "கணக்கில் காட்டுகிறது" என்ற பதில் போதாது. "எடுக்கலாம்" என்ற பதில் வேண்டும். அவசர வியாபாரமாயின் வங்கிக்கு வங்கி உடனடிப் பணமாற்றம் செய்யும்படி வியாபாரியைக் கேட்கலாம். அவ்வசதி 2015 முதல் எமது நாட்டில் உண்டு.

7. காசோலை திரும்பினால்

திரும்பியதற்கான காரணத்தை வங்கி எழுத்தில் தரும். திகதி தவறு, கையொப்பம் வேறுபடுகிறது, தொகை ஒத்துப்போகவில்லை என்பன திருத்தக்கூடியவை. எழுதியவரிடம் புதிய காசோலை கேட்கலாம். கணக்கில் போதிய பணமில்லை, கணக்கு மூடப்பட்டது, எழுதியவரிடமே கேட்கவும் என்பன கவலைக்குரியவை.

அந்த அறிவித்தலைக் கிழித்தெறியாதீர்கள். அதுவே உங்கள் சான்று. எழுதியவருக்கு உடனே எழுத்தில் அறிவித்துப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதிக் கொடுப்பது, 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்கீழ் குற்றமாகும். "இன்னும் ஒரு கிழமை பொறுங்கோ" என்ற சொல்லைக் கேட்டு மாதக்கணக்கில் காத்திராமல் சட்டத்தரணி ஒருவரைக் காணுங்கள். வசதி குறைந்தோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவுகின்றது. யாழ்ப்பாணத்திலும் அதன் நிலையம் உண்டு.

வங்கியின் சேவையில் குறையிருந்தால் முதலில் கிளை முகாமையாளருக்கு எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

8. வெற்றுத் தாளில் ஒப்பம் வேண்டாம்

கடன் கொடுப்போர் சிலர், தொகையும் திகதியும் எழுதாத காசோலைகளில் ஒப்பம் வாங்கிப் பிணையாக வைத்துக்கொள்கிறார்கள். கடை நடத்தும் எம்மவர் சிலர் அவசரத்திற்கு இதற்கு இணங்குகிறார்கள். ஒப்பமிட்ட வெற்றுக் காசோலையில் எந்தத் தொகை எழுதப்படும் என்பது அதை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. வாங்கிய கடன் 50,000 ரூபாவாயினும், எழுதப்படும் தொகை இரண்டு இலட்சமாகலாம். அதன்பின் காசோலை திரும்பினால், குற்றவாளி போல் நிற்க வேண்டியவர் கடன்பட்டவரே.

சேமிப்புக் கணக்குக்காரருக்கும் இதே ஆபத்து உண்டு. முதியவர்கள் "வங்கிக்கு அலைய ஏலாது" என்று, தொகை எழுதாத மீளப்பெறற் சீட்டுகளில் முன்கூட்டியே ஒப்பமிட்டுப் புத்தகத்தோடு பிறரிடம் கொடுக்கிறார்கள். வேண்டாம். முதலில் தொகையை எழுதுங்கள், பின்பு ஒப்பமிடுங்கள். இந்த ஒழுங்கு ஒருபோதும் மாறக்கூடாது.

9. சங்கப் பணமும் வேதம் காட்டும் வழியும்

சங்கக் கணக்கில் இரண்டு பேர் ஒப்பமிடும் ஏற்பாடு சந்தேகத்தினால் வந்ததன்று. பவுல் அப்போஸ்தலர் எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைத் தனியொருவர் கையில் அனுப்பவில்லை. தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்தனுப்பினார்; ஒருவரும் குறைசொல்ல இடமிருக்கலாகாது என்பது அவர் எண்ணம் (2 கொரிந்தியர் 8). ஆகவே பொருளாளர் வசதிக்காகத் தலைவர் பத்துத் தாள்களில் முன்கூட்டியே ஒப்பமிட்டு வைப்பது, அந்தக் காவலை நாமே உடைப்பதாகும்.

எரேமியா 32ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். பாபிலோனியர் நகரை முற்றுகையிட்டிருக்க, தீர்க்கதரிசி காவலில் இருந்தபடியே ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். பணத்தை நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரத்தில் ஒப்பமிடுகிறார், சாட்சிகளை வைக்கிறார், முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் நெடுங்காலம் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். நாடு அழியும் நேரத்திலும் அவர் ஒரு படியையும் விடவில்லை. மீண்டும் இந்த மண்ணில் வீடும் வயலும் வாங்கப்படும் என்ற விசுவாசத்தினாலேயே பத்திரத்தை ஒழுங்காக எழுதினார். இடம்பெயர்ந்து, உறுதிகளையும் வங்கிப் புத்தகங்களையும் பையில் சுமந்து திரும்பிய எமது மக்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பயிற்சி

ஒரு பழைய காட்போட் அட்டையில் காசோலை ஒன்றைப் பெரிதாக வரையுங்கள். ஒருவர் வேண்டுமென்றே மூன்று தவறுகளை அதில் எழுதட்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். வைப்புச் சிட்டைகள் சிலவற்றை வங்கியில் கேட்டு வாங்கி எல்லாரும் நிரப்பிப் பழகுங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. எமது குழுவில் தம் பெயரில் கணக்கில்லாதவர் யார்? காரணம் என்ன?

2. அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் வேறுபடுபவர்கள் உளரா? கிராம அலுவலரிடமும் வங்கியிலும் என்ன செய்யலாம்?

3. பொருளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய காசோலையோடு நின்றவர்கள் எமது ஊரில் உண்டா? எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம்?

4. எமது சங்கக் காசோலைப் புத்தகத்தில் முன்கூட்டியே ஒப்பமிட்ட தாள் இருக்கிறதா?

5. அடுத்த கூட்டத்துக்குமுன் வங்கிக்குப் பழக்கமில்லாத ஒருவரை யார் கூட்டிச்செல்வது? கூடப்போகிறவர் அருகில் நிற்கட்டும். படிவத்தை நிரப்புவதும், ஒப்பமிடுவதும், பணத்தை எண்ணுவதும் உரியவரே செய்யட்டும்.